பச்சை உடம்புக்கு ஒரு வாளிக் கஞ்சி

எங்கள் அம்மாவின் தலைத் திவசமாகிய இன்று, பந்தலில் இடம் போதாமல் வேப்பமரத்தடியிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் நின்றுகொண்டு இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். கால் வலிக்க நிற்க வைத்ததற்கு மன்னியுங்கள். பந்தி போடுவதற்கு முன் படித்து முடித்துவிடலாம். முடியாவிட்டால் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

முதல் பக்கத்துச் செய்யுளைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் என் தம்பி எழுதியது. அம்மாவைப் பொறுமையின் உறைவிடம் என்று பாடியிருக்கிறான். பொறுமை எங்கள் வீட்டுப் பக்கமாக நடந்துபோன ஞாபகம்கூட எனக்கு இல்லை. "அக்கா, யுத்த காலம், காகிதம் கிடைப்பதே அரிது, பிறப்பு, குணம், முடிவு என்று சுருக்கமாக எழுதிக் கொடு, மாட்டுச் சங்கதி வேண்டாம்" என்று அவன் நான் வாழ்க்கைப்பட்ட அம்பத்தூருக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். மாட்டுச் சங்கதியை எடுத்துவிட்டால் எங்கள் அம்மாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆகையால் பிறப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு மாட்டுக்கு வருகிறேன்.

அம்மா பிறந்தது வெள்ளானூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில். நினைவு தெரிவதற்கு முன்பே தாயாரை இழந்து, ஒரே அண்ணனுடைய முதுகிலும் மாட்டுக்கொட்டகையிலுமாக வளர்ந்தார்கள். பருத்திப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சீராகப் பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு கிடேரிக் கன்றையும் தாமே கயிறு பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் ஆரத்தியோடு நிற்க, மணப்பெண் முதலில் கேட்டது கொட்டகை எந்தப் பக்கம் என்பதுதான். இதை நைனா, அதாவது எங்கள் தகப்பனார், தமது கடைசி நாள் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் நிலம் ஏரிப் பாசனம். ஏரி நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மண். நெல் இல்லாத வருஷங்களில் எங்களைக் காப்பாற்றியது கொட்டகைதான். அம்மா கறந்த பால் நைனாவின் தலையில் ஏறி ஆவடி ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரயிலேறிப் பட்டணம் போகும். நான் படித்த நாலாம் வகுப்பும், தம்பி செய்யுள் எழுதுகிற அளவுக்குப் படித்த படிப்பும் அந்தப் பாலில் வந்தவை. மாட்டுச் சங்கதி வேண்டாம் என்கிறவன் இதைக் கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஊரில் பெரிய பெயர் இருந்தது. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். பிரசவமான உடம்பை எங்கள் பக்கத்தில் பச்சை உடம்பு என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். பச்சை உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது, வயிறு நிறையச் சோறு ஆகாது, தண்ணீர் ஆகவே ஆகாது. இந்தப் பத்தியத்தில் அம்மா கெடுபிடி என்றால் அப்படியொரு கெடுபிடி. அவர்கள் பிரசவ மருந்து இடித்தால் தெருவே தும்மும். எந்த வீட்டிலாவது இரக்கப்பட்டு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டால், கொடுத்தவளைத் தெருமுனை வரை துரத்தித் திட்டுவார்கள்.

கன்று போட்ட மாட்டுக்கும் இதே சட்டம்தான். இரண்டும் பச்சை உடம்புதானே என்பார்கள். பழைய வைக்கோல் ஒரு பிடி, உமி கலந்த தவிடு ஒரு கை, வெந்நீர் ஒரு சொம்பு, மிளகும் பூண்டும் பெருங்காயமும் வைத்து இடித்த உருண்டை. பச்சைப் புல்லைக் கண்ணில் காட்டக் கூடாது. உள்ளே போவதற்குத்தான் இத்தனை காவல். வெளியே வருவதற்குத் தடையே கிடையாது. மாடு ஈன்ற அன்றைக்கே மடியை ஒட்டக் கறந்து, சீம்பாலை ஒரு வீடு விடாமல் அனுப்பி வைப்பார்கள். சீம்பால் வரவில்லை என்று எந்த வீட்டிலும் ஒரு பேச்சு கிளம்பிவிடக் கூடாது. அது அம்மாவின் பெருமை. ஊரில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம் என்றாலும், அம்மா செய்தால் எதையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்வார்கள்.

இனி சீதேவிக்கு வருகிறேன். அம்மாவோடு வந்த அந்தச் சீர்க் கிடேரியின் பேத்தி அவள். செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. ஊரிலேயே நல்ல கறவை. ஆனால் நான் சொல்லப்போகும் ஈற்றுக்கு முந்தைய ஈற்றில் கன்று போட்டதும் எலும்பும் தோலுமாகி, ஒரு வருஷத்துக்கு மேல் பருவத்துக்கே வராமல் நின்றுவிட்டாள். அம்மா கண்ணேறு என்றார்கள். மிளகாய் சுற்றினார்கள், வேப்பிலை அடித்தார்கள், கழுத்தில் கருப்புக் கயிறு கட்டினார்கள். கயிறு இற்று விழும் வரை சீதேவி காளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவழியாகச் சினை பிடித்து, அடுத்த கன்றுக்கு அவள் நிறைமாதமாக இருந்தபோது ஏரி வற்றிப்போயிருந்தது. வைக்கோல்போர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது. நைனா அதிர்ந்து பேசாத மனுஷர். அவரே ஒருநாள் வாயைத் திறந்தார்.

"இந்த தபாவும் போன தபா மாதிரி வருசக்கணக்குல நின்னுச்சின்னா, தீனிக்கு எங்கம்மே போறது? தைக்குள்ள செனை நிக்கலன்னா தரகருக்குச் சொல்லி அனுப்பிட வேண்டியதுதான்."

அந்தத் தரகர் சந்தை சந்தையாகப் போகிறவர். அவர் ஓட்டிக்கொண்டு போன வற்றுமாடு எதுவும் இன்னொரு வீட்டுக் கொட்டகையில் கட்டப்பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா சொல்லிவிட்டார்கள்.

"என் பொறந்த ஊட்டு மாடு கசாப்புக்குப் போவுதுன்னா, அதுக்கு முன்னால நான் கெணத்துல குதிக்கறேன். ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிட்டு நீ நிம்மதியா இரு!"

ஆனால் வைக்கோல்போரைப் பார்த்தவர்களுக்கு நைனா சொன்னதில் தப்பு இல்லை என்பது தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அத்தனை சத்தம்.

ஆவணியில் சீதேவி கன்று போட்டாள். அதே வாரத்தில், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த நான் மகனைப் பெற்றேன். எனக்குக் கொடுத்த அறையின் ஜன்னல் மாட்டுக்கொட்டகையைப் பார்த்து இருந்தது. எனக்கும் சீதேவிக்கும் நடுவில் ஜன்னல் கம்பிதான். ஒரே உரலில் இடித்த மருந்து. அவளுக்குப் பெரிய உருண்டை, எனக்குச் சின்ன உருண்டை. எனக்குப் பூண்டுக் குழம்பில் பிசைந்த சோறு ஒரு கவளம், அவளுக்குத் தவிடு ஒரு கை. என் பிள்ளை ஓயாமல் பால் குடித்தான். அவளை இரண்டு வேளையும் ஒட்டக் கறந்தார்கள். தாகம் என்றால் என்னவென்று அந்த நாட்களில்தான் நான் அறிந்துகொண்டேன். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டால் எனக்குக் கண்ணில் நீர் முட்டும். சீதேவியும் அந்தச் சத்தத்துக்குக் காதைத் திருப்புவாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

சில நாட்களில் சீதேவி தவிட்டையும் தொடவில்லை. கட்டுத்தறியைக் கடித்தாள், சுவரை நக்கினாள். சாணி இறுகிப் பளபளவென்று விழுந்தது. நடந்தால் தள்ளாடினாள். முதுகெலும்பு தெரிந்தது. பால் விழுந்துவிட்டது. அம்மா இதை மந்தம் என்று தீர்மானித்து, கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கைத் தவிட்டையும் பாதியாகக் குறைத்தார்கள். எனக்கும் தலை சுற்றியது. அதைப் பித்தம் என்று தீர்மானித்து என் கவளத்தையும் குறைத்தார்கள். அம்மாவிடம் பாரபட்சம் மட்டும் கிடையாது.

இப்படியிருக்க, ஒருநாள் காலையில் கறப்பதற்கு உட்கார்ந்த அம்மா சட்டென்று எழுந்தார்கள். சீதேவியின் மூக்கருகே முகத்தை வைத்து மோந்தார்கள். பிறகு போட்டார்களே ஒரு கத்தல்!

"யாரு மாட்டுக்கு வாழப்பழம் போட்டது?"

கனிந்து தோல் கறுத்துப்போன வாழைப்பழத்தின் வாசனை மாட்டின் வாயிலிருந்து வந்ததாம். வீட்டில் வாழைத்தார் ஒன்று இருந்தது வாஸ்தவம். என் மகனுக்குப் பெயர் வைக்கும் நாளுக்காக நைனா வாங்கி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பச்சை உடம்பு மாட்டுக்கு, குளிர்ச்சிக்குப் பெயர்போன வாழைப்பழமா என்று அம்மா ஆவேசமாக உள்ளே வந்து, தாரைச் சீப்புச் சீப்பாகத் திருப்பிப் பார்த்தார்கள். காய் இன்னும் பழுக்கவேயில்லை. ஒன்றுகூடக் குறையவும் இல்லை.

"தாரு முழுசா கீது. அப்போ எங்கிருந்து வருது வாசன?" என்று சொல்லிக்கொண்டே என் பாய்க்கு வந்தார்கள். "நீ எங்கனா வாங்கித் துன்னுட்டு அதுக்கும் போட்டியாடி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு யாரும்மா குடுத்தா? குடுத்திருந்தா தோலோட துன்னிருப்பேனே, அதுக்கு எங்க மிச்சம் வெக்கப் போறேன்?"

"வாயக் காட்டு."

காட்டினேன். அம்மா குனிந்து மோந்தார்கள். அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெளியே போய்ச் சீதேவியை மோந்தார்கள். திரும்பி வந்து என்னை மோந்தார்கள். மறுபடியும் கொட்டகை. நைனா பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நடமாட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னாம்மே தேடற?"

"ரெண்டு வாயும் ஒரே வாசனையா கீது. இது பழமும் துன்னல, அதுவும் துன்னல."

நைனா கொஞ்சம் யோசித்து, வெகு ஜாக்கிரதையாகச் சொன்னார்: "கிருத்திக வெரதம் இருக்கற அன்னிக்கு, சாயந்தரம் உன் வாயிலகூட இந்த வாசனதாம்மே வரும். சொன்னா சண்டைக்கு வருவேன்னு கம்முனு இருந்தேன்."

அம்மா சண்டைக்கு வரவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சீதேவி. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்போ இது மந்தம் இல்ல, பித்தம் இல்ல. பசி." தமக்குத்தாமே பேசுவது போல மெதுவாகச் சொன்னார்கள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "பசிடீ! என் கையால ரெண்டு பேரையும் பட்டினி போட்டுகினு கீறேனே!"

எங்கள் அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். கம்பு மாவைக் கரைத்து, வெல்லமும் உப்பும் போட்டு, நீர்க்க நீர்க்கக் கஞ்சி காய்ச்சி ஆற்றினார்கள். முதல் வாளி சீதேவிக்குப் போயிற்று. அடுத்த சொம்புதான் எனக்கு. பெற்ற மகளைவிட மாடு முந்திக்கொண்டதே என்று எனக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு. ஆனால் அந்தச் சொம்புக் கஞ்சியைப் போல ருசியான ஒன்றை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதேயில்லை.

ஒட்டிக் கிடந்த வயிற்றில் ஒரேயடியாகக் கொட்டவும் இல்லை. அன்றைக்குக் கஞ்சி, பிறகு கொஞ்சம் புல், பிறகு தவிடு, அதற்குப் பிறகுதான் பிண்ணாக்கு என்று படிப்படியாகக் கூட்டினார்கள். தண்ணீருக்கு மட்டும் அளவே வைக்கவில்லை. தொட்டியை நிரப்பிக் கயிற்றை நீளமாக விட்டுவிட்டார்கள். ஒட்டக் கறப்பதையும் நிறுத்திக் கன்றுக்கு நிறைய விட்டார்கள். ஸ்டேஷனுக்குப் பால் குறைகிறதே என்று நைனா தலையைச் சொறிந்தபோது, "பால் கொறஞ்சா ஸ்டேஷன் ஒண்ணியும் எழுந்து ஓடிடாது" என்று பதில் வந்தது.

செய்தி பரவ எவ்வளவு நேரம்! எதிர்வீட்டுப் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இன்னாடி இது அநியாயம்? பச்ச ஒடம்புக்காரிக்கு சொம்பு சொம்பா ஊத்திகினு கீற! ஜன்னி கண்டா யாரு பதில் சொல்றது? என் பொண்ணுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தேன்னு நீதானே அந்தக் கத்து கத்தினே?"

"அப்போ கத்தினேன், இப்போ ஊத்தறேன். ரெண்டும் நான்தான். நீ கம்முனு போ, மாடு தண்ணி குடிக்கட்டும்."

வாய் இப்படிப் பேசினாலும், பெரியம்மா போனதும் அம்மா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கோ மாட்டுக்கோ ஏதாவது ஆகிவிட்டால் அவர்களுடைய பெயர் என்ன ஆகும் என்பது இருக்கட்டும், அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்களா என்பதே சந்தேகம். வழக்கத்தை மீறுகிறவளுக்கு ஒரு தப்பு நடந்தால் போதும், ஊர் ஜென்மத்துக்கும் விடாது. அந்தப் பயத்தோடுதான் அம்மா வாளியைத் தூக்கினார்கள். என் தம்பி செய்யுளில் இதைப் பாடியிருக்கலாம்.

எனக்கு ஜன்னி வரவில்லை. என் பிள்ளை கொழுகொழுவென்று ஆனான். சீதேவியின் சாணி இளகிற்று, வாயிலிருந்த வாசனை போயிற்று. ஒரு மத்தியானம் அவள் காலை மடக்கிப் படுத்து அசைபோட ஆரம்பித்தபோது, அம்மா கைதட்டிச் சிரித்துத் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள். மாடு அசைபோடுவதை அதிசயமாகக் காட்டுகிறாளே, இவளுக்குத்தான் பித்தம் ஏறிவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் உதவிக்கு வந்தவர் பூந்தமல்லிப் பிண்ணாக்குக் கடை பாய். "தங்கச்சி, இந்த மூட்டை பழசு, பூசணம் கட்டியிருக்கு. கன்னு போட்ட மாட்டுக்கு இது வேணாம். செக்குலேர்ந்து புதுசு வந்ததும் நானே வண்டியில அனுப்பறேன்" என்று சொன்னவர், சொன்னபடியே அனுப்பினார்.

உடம்பு தேறிவிட்டது, ஆனால் நைனா சொன்ன கெடு தை மாதம். பருவத்துக்கு வந்தால் மாடு கத்தும். ஐப்பசி போயிற்று. சீதேவி கத்தவில்லை. கார்த்திகையில் அப்படியொரு மழை பிடித்துக்கொண்டது. வற்றிக் கிடந்த ஏரி நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. அப்படிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. பாதி பின்னிய தலையோடு அம்மா ஓடினார்கள்.

"கத்தறாடீ! சீதேவி கத்தறா!"

பெண் பெரியவளான செய்தியைச் சொல்கிறவர்கள்கூட இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொலிகாளை இருந்தது வெள்ளானூரில், எங்கள் மாமா வீட்டில். வழியில் கலங்கல் தண்ணீர் பாதையை மூடி ஓடிக்கொண்டிருந்தது. நைனா வானத்தைப் பார்த்தார். "மூணு வாரம் கயிச்சி மறுபடியும் கத்தும், அப்போ பாத்துக்கலாம்" என்றார். அம்மா ஏற்கெனவே கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. மறுபடி கத்துவது மார்கழி நடுவில். அதற்கு மேல் சினை நின்றதா இல்லையா என்று தெரிவதற்குள் தரகர் வாசலுக்கு வந்துவிடுவார். பருவம் சாயந்தரம் வரை காத்திருக்கும் என்பதற்கும் நிச்சயமில்லை.

அம்மா முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நைனா பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கலங்கலில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததாம். நடுவில் குடை காற்றோடு போய்விட்டது. நைனா குடையை எட்டிப் பிடிக்கப் போக, "குடைய வுடு, மாட்டு வாலப் புடி!" என்று அம்மா போட்ட சத்தம் மறு கரைக்குக் கேட்டதாகச் சொல்வார்கள். சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்ற தங்கையைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாம்மே, இந்த மழையில மாட்ட ஓட்டிகினு வந்து நிக்கற? சீர் பாக்கி எதனா கீதா?"

"காளைய அவுறு அண்ணாத்தே. சீர அப்பால பேசிக்கலாம்."

அதற்குப் பிறகு காத்திருப்பு. மார்கழி முழுவதும் தெருவில் பஜனை நடந்தது; அம்மாவின் காது கொட்டகையிலேயே இருந்தது. அடுத்த வீட்டு மாடு கத்தினால்கூட முகம் வெளுத்து எழுந்து போய்ப் பார்ப்பார்கள். மூன்று வாரம் ஆயிற்று. சீதேவி கத்தவில்லை. அந்த வாரம் கழிந்தது, அடுத்த வாரமும் கழிந்தது. அவள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு கிடந்தாள். ஆனாலும் அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கலைந்துவிடும் என்று பயம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தரகர் வந்தார். தையில் வந்து பார்க்கும்படி ஆவணியிலேயே நைனா சொல்லி வைத்ததை அவர் மறக்கவில்லை. சீதேவி கொம்பில் வர்ணத்தோடும் கழுத்தில் மாலையோடும் நின்றாள். அம்மா அவரை உட்காரச் சொன்னார்கள்.

"வாய்யா, மொதல்ல பொங்கல் துன்னு. அப்பால மாட்டக் கண்ணால பாரு. கயித்த மட்டும் தொடாத."

தரகர் சாப்பிட்டுவிட்டு எழுந்து மாட்டைச் சுற்றி வந்தார். ரோமத்தைத் தடவினார், விலாவைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். ஆயிரம் மாடு பார்த்த கண் அல்லவா?

"இத்த எவன் வத்தமாடுன்னு சொன்னது? இது நின்னுடுச்சிம்மா. ஆவணியில கன்னு கையில வெச்சிக்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெரு திரும்பும் வரை அம்மா கௌரவமாக நின்றார்கள். பிறகு சீதேவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு செய்த ஆர்ப்பாட்டம் இருக்கிறதே, கொம்பு வர்ணம் முழுவதும் அம்மாவின் கன்னத்திலும் புடவையிலும்தான் இருந்தது. நைனாவைப் பார்த்து, "ஒரு குடை போனா போவட்டும்யா!" என்றார்கள். சொன்னபடி ஆவணியில் சீதேவி ஒரு கிடேரி போட்டாள். வருஷத்துக்கு ஒரு கன்று என்பதை எங்கள் கொட்டகை முதல் தடவையாகக் கண்டது. அந்த ஈற்றுக்கு அவள் நஞ்சுக்கொடி போட்ட உடனேயே கஞ்சி வாளி தயாராக இருந்தது.

மழை பெய்து புல் முளைத்தது, மாடு தேறியது, இதில் இவள் சாமர்த்தியம் என்ன என்று ஊரில் பேசினார்கள். அம்மா விடுவார்களா? மழை பெய்யாத வருஷம் வரட்டும் என்று காத்திருந்து, வந்ததும் கூப்பிட்ட வீட்டுக்கும் கூப்பிடாத வீட்டுக்கும் போனார்கள். பருத்திப்பட்டிலிருந்து வெள்ளானூர் வரை எங்கே மாடு கன்று போட்டாலும் அம்மா போய் நிற்பார்கள். முதலில் மாட்டின் வாயை மோந்து பார்ப்பார்கள். பிறகு மாட்டுக்காரியைத் திட்டுவார்கள். பிறகு அவளையே கஞ்சி காய்ச்ச வைப்பார்கள். மாட்டு வாய் மோக்கறவள் என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அம்மாவுக்கு அதில் ரகசியமாகப் பெருமை. கேலி பேசியவர்கள் வீட்டு மாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு மூன்று மாதத்தில் கத்த ஆரம்பித்தன.

எல்லாமே ஜெயித்ததாக எழுதினால் அம்மாவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறை, ஈன்ற மறுநாளே காது சில்லிட்டுக் கழுத்தை மடித்துப் படுத்துவிட்ட ஒரு மாட்டுக்குக் கஞ்சியோடு ஓடினார்கள். அதனால் விழுங்கவே முடியவில்லை, செத்துப்போயிற்று. இது பசி இல்லை, வேறே ஏதோ என்று சொல்லி, இரண்டு நாள் அம்மா இதற்கு முன் அப்படி விழுந்த மாடுகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான், இப்படி விழுகிற மாடுகளெல்லாம் ஊருக்குச் சீம்பால் அனுப்புவதற்காக முதல் நாளே ஒட்டக் கறக்கப்பட்ட நல்ல கறவைகள் என்பது அவர்களுக்குப் பட்டது. அன்றோடு எங்கள் வீட்டுச் சீம்பால் விநியோகம் நின்றது. வரவில்லையே என்று கேட்டவர்களுக்கு, "மாடு உசுரோட கீது, வந்து பாத்துட்டுப் போங்க" என்று பதில் சொன்னார்கள்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கும் விடிவு வந்தது. எங்கள் தெருவில் எனக்குப் பின்னால் பிரசவித்த எவளும் தண்ணீருக்காக அழவில்லை. ஆனால் தாம் மாறியதாக அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "நான் அப்பலேர்ந்தே சொல்லிகினுதான் கீறேன், எவ கேட்டா?" என்பார்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். அந்தச் சொம்புக் கஞ்சிக்காக எத்தனை பொய்க்கு வேண்டுமானாலும் தலையாட்டலாம்.

நைனா போன பிறகு அம்மா தம்பியோடு இருந்தார்கள். கண் மங்கியும் கொட்டகைக்குப் போவதை விடவில்லை. போன வருஷம் காய்ச்சலில் படுத்தார்கள். பேரன் பேத்திகளைப் பார்த்தார்கள், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், என் தம்பியைக் கடைசியாக ஒருமுறை திட்டினார்கள். ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

நோய்க்கு மருந்து கொடுத்த டாக்டர் ஐயாவுக்கும், தொண்ணூறை நெருங்கியும் வெள்ளானூரிலிருந்து கட்டை வண்டியில் வந்து தங்கைக்குக் கோடிப் புடவை போட்ட மாமாவுக்கும், இன்றைக்கும் புதுப் பிண்ணாக்கே அனுப்பும் பாயின் பிள்ளைகளுக்கும், பந்தலும் பந்தியும் பார்த்துக்கொண்ட பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும் வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டோம். அம்மாவை வாசலில் கிடத்தியிருந்தபோது, மேலண்டை வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குத் தள்ளி இன்னொரு வீட்டில். பிறகு இன்னொன்று. என் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவன் எழுந்து போய் மேலண்டை வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

"பொணம் வாசல்ல கெடக்குது, அடுப்பு பத்த வெச்சிகினு கீறீங்களே! எங்க அம்மாவுக்கு இவ்ளோதான் மரியாதையா?"

அந்த வீட்டு மருமகள் புகைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அழுது அழுது அவள் கண்ணும் வீங்கியிருந்தது. கையில் கரண்டி.

"மாடு கன்னு போட்டு நாலு நாள்தான் ஆவுது தம்பி. எடுக்க மத்தியானம் ஆயிடும். அதுவரைக்கும் பட்டினி போட்டா, உங்க அம்மாவே எழுந்து வந்து என்னைத்தான் ஏசும்."

தம்பி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி எத்தனை கூரையில் புகை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் அம்மா ஜெயித்துவிட்டார்கள். கஞ்சியை ஆற்றி மாட்டுக்குக் காட்டிவிட்டு, கை கழுவி, ஒவ்வொருத்தியாக வந்து அம்மாவின் காலைத் தொட்டு அழுதார்கள். பிந்தி வந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அன்றைக்கு அடுப்பு மூட்டிய அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.